சன்ஸ்கிரீன் பூசினால் உள்ளே விடமாட்டார்கள்... மெக்சிகோவின் 'செனோட்' நீர்க்குழிகளில் ஏன் இத்தனை கட்டுப்பாடு?

மெக்சிகோவின் கான்கூன், துலும் பக்கம் சுற்றுலா போனவர்களின் இன்ஸ்டாகிராமில் இந்தப் படம் கட்டாயம் இருக்கும். தரையில் வட்டமாக ஒரு பெரிய பள்ளம், விளிம்பில் தொங்கும் மர வேர்கள், அடியில் நீலநிறத் தண்ணீர், அதில் லைஃப் ஜாக்கெட்டோடு மிதக்கும் ஆட்கள். இதன் பெயர்தான் செனோட்.

டிக்கெட் வாங்கியதும் பெரும்பாலான இடங்களில் முதலில் சொல்வது: "ஷவர்ல குளிச்சிட்டு வாங்க. சன்ஸ்கிரீன், கொசு விரட்டி எதுவும் உடம்புல இருக்கக் கூடாது." குளிக்கப் போற இடத்துக்குக் குளிச்சிட்டுப் போகணுமா? ஆமாம். ஏன் என்று பார்ப்போம்.

செனோட் எப்படி உருவாகிறது?

யுகடான் தீபகற்பம் முழுக்க சுண்ணாம்புக் கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, நிலத்தடியில் குகைகளை உண்டாக்குகிறது. ஒருநாள் குகையின் கூரை இடிந்து விழுந்தால், கீழே இருக்கும் நிலத்தடி நீர் வெளியே தெரியும். அதுதான் செனோட். 'ட்ஸோனோட்' என்ற மாயா மொழிச் சொல்லில் இருந்து வந்த பெயர் இது.

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் சிக்சுலூப்பில் விழுந்து, டைனோசர்களின் அழிவுக்குக் காரணமான விண்கல்லுக்கும் இதில் பங்கு உண்டு. புதைந்து கிடக்கும் அந்தப் பள்ளத்தின் விளிம்பை ஒட்டி, செனோட்கள் வளையம் போல வரிசையாக இருக்கின்றன.

மாயா மக்களுக்கு இது ஏன் முக்கியம்?

வடக்கு யுகடானில் தரைக்கு மேல் ஓடும் ஆறு கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றால் செனோட்தான். சிச்சென் இட்சா என்ற ஊர்ப் பெயருக்கே 'இட்சா மக்களின் கிணற்று வாய்' என்றுதான் பொருள். அங்குள்ள புனித செனோட்டில் இருந்து தங்கம், ஜேடு கற்கள், பலி கொடுக்கப்பட்ட மனிதர்களின் எலும்புகள் எடுக்கப்பட்டன. அதில் குளிக்க அனுமதி இல்லை. குளிக்க விரும்புபவர்கள் பக்கத்தில் இருக்கும் இக் கில் செனோட்டுக்குப் போகிறார்கள்.

சன்ஸ்கிரீனுக்கு ஏன் தடை?

செனோட் தனித்தனிக் குளம் அல்ல. 2018இல் முக்குளிப்பவர்கள், சாக் அக்துன், டோஸ் ஓஹோஸ் ஆகிய இரண்டு குகைத் தொடர்களும் நீருக்கடியில் இணைந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மொத்த நீளம் சுமார் 347 கிலோமீட்டர்! மணல் போல சுண்ணாம்புக் குகை தண்ணீரை வடிகட்டாது. ஒரு துளையில் கலந்தது நிலத்தடியில் ஓடி, வேறு ஊரின் தண்ணீரிலும், கடைசியில் கரீபியன் கடலின் பவளப்பாறைகளிலும் சேரும். நம்ம ஊரில் குடிக்கிற ஊருணியில் இறங்கிக் குளிக்க விடுவார்களா? அதே கணக்குதான்.

அதற்காக, சுற்றுலாப் பயணியின் க்ரீம் மட்டும்தான் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். சரியாகச் சுத்திகரிக்காத கழிவுநீரும் பண்ணைக் கழிவும் அதைவிடப் பெரிய ஆபத்து. செனோட்கள் நிறைந்த ஹோமுன் ஊரில் சுமார் 49,000 பன்றிகளுக்கான பண்ணை வந்தபோது, மாயா மக்கள் வழக்குப் போட்டார்கள். 2018இல் நீதிமன்றம் பண்ணையின் செயல்பாட்டை நிறுத்திவைத்தது.

யாழ்ப்பாணத்துக்கும் இதே கதைதான்

யாழ்ப்பாணக் குடாநாடும் சுண்ணாம்புப் பாறைதான். புத்தூர் அருகே உள்ள நிலாவரைக் கிணறு இப்படி உருவானதே. மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்புத் தண்ணீர். யுகடானிலும் கடலோரம் இதே நிலைதான்: உப்பு நீரின் மேல் நன்னீர் மிதக்கிறது. அந்த மெல்லிய நன்னீர் கெட்டால் மாற்று வழி குறைவு.

இறங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* பல செனோட்களில் காலூன்ற இடமே இருக்காது. முதல் அடியிலேயே ஆழம். நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள்.

* தண்ணீர் ஆண்டு முழுவதும் சுமார் 24, 25 டிகிரிதான். வெயிலில் வந்து இறங்கினால் ஜில்லென்று இருக்கும்.

* வெயிலுக்கு க்ரீமுக்குப் பதில் முழுக்கை நீச்சல் சட்டை போதும்.

* அனுமதி இல்லாத இடத்தில் மேலிருந்து குதிக்க வேண்டாம். தண்ணீருக்குள் இடிந்த பாறைகள் இருக்கலாம்.

* கூரையில் தொங்கும் சுண்ணாம்புப் படிவங்களைத் தொட வேண்டாம். கையின் எண்ணெய்ப் பசை பட்டாலே அதன் வளர்ச்சி பாதிக்கும்.

* ஸ்கூபா செய்பவர்கள் வழிகாட்டியுடன், சூரிய வெளிச்சம் தெரியும் பகுதிக்குள் மட்டும் போகலாம். அதைத் தாண்டிப் போக குகை முக்குளிப்புக்கென தனிப் பயிற்சி வேண்டும். சில இடங்களில் நீருக்கடியில் எலும்புக்கூடு படம் போட்ட எச்சரிக்கைப் பலகையே இருக்கிறது. அதைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள்.

* காலையில் கூட்டம் குறைவு. கையில் கொஞ்சம் பெசோ ரொக்கமாக இருக்கட்டும். சிறிய ஊர்களில் செனோட்டைப் பராமரிப்பது பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள்தான். நீங்கள் கொடுக்கும் நுழைவுக் கட்டணம் அவர்களுக்கு வருமானம். அந்தத் தண்ணீரைக் காப்பாற்ற ஒரு காரணமும்கூட.