ஸ்பானிய மொழியின் இணைப்புச் சொற்கள்

பிறமொழி கற்கப் புகுவோர் முதலிற் சேர்ப்பவை பெயர்ச் சொற்களே. அவை எளிதிற் கைக்கு வரும். போர்த்துக்கேயர் நம் நாட்டில் விட்டுச் சென்ற ‘மேசை’ என்னுஞ் சொல்லை ஸ்பானியரும் ‘மேசா’ என்றே வழங்குகின்றனர். ஆனால் இருநூறு பெயர்களையும் ஐம்பது வினைகளையும் நெட்டுருப் பண்ணிய மாணவன், ஒரு கடிதம் எழுத உட்கார்ந்ததும் திகைத்துப் போகிறான். வாக்கியங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்கின்றன. ஒன்றை மற்றொன்றுடன் சேர்க்கும் வழி அவனுக்குத் தெரிவதில்லை.

தமிழிலே இவ்வேலையின் பெரும்பகுதியைச் சொல்லின் இறுதியில் ஒட்டும் உருபுகளும் எச்சங்களுமே செய்துவிடுகின்றன. தொல்காப்பியர் இடைச்சொல்லுக்கெனத் தனி இயலே வகுத்து, ‘உம்’ என்னும் ஒன்றுக்கே எட்டுப் பொருள் கூறினார். ஸ்பானிய மொழியிலோ இணைப்புச் சொல் பெரும்பாலுந் தனிச்சொல்லாய் வாக்கியத்தின் முன்னே வந்து நிற்கும். பின்னே வருவது இன்னதென அதுவே முன்கூட்டி அறிவிக்கும். சிலவேளை பின்வரும் வினையின் வடிவத்தையும் அதுவே ஆளும். இதனை அறியாது, ஒரு பக்கத்தில் ஸ்பானியச் சொல்லும் மறுபக்கத்தில் தமிழ்ச் சொல்லுமாகப் பட்டியல் எழுதி மனனஞ் செய்வோர் வெகுவிரைவிற் சறுக்கி விழுவர்.

‘ஆனால்’ என்பதை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் அதற்கு நேரே ‘பெரோ’ என்றிருக்கும். “எஸ் போப்ரே, பெரோ ஒன்ராதோ” என்றால், ஏழை, ஆனால் நேர்மையானவன் என்பது பொருள். இங்கே இரண்டு கூற்றும் உண்மை. ஒன்றை மறுத்து அவ்விடத்தில் மற்றொன்றை வைக்கும்போது ‘பெரோ’ உதவாது, ‘சினோ’ வரவேண்டும். “நோ எஸ் மெதிகோ, சினோ மாயெஸ்த்ரோ” என்பதை நாம், அவர் மருத்துவர் அல்லர், ஆசிரியர் என்போம். கவனியுங்கள், தமிழில் இவ்விடத்தே இணைப்புச் சொல்லே இல்லை! ‘அல்லர்’ என்பதே போதுமாயிற்று. அதனாலேதான் தமிழ் மாணவன் ‘சினோ’வை அடிக்கடி மறந்துவிடுகிறான் என எண்ணுகிறேன்.

இச்சொல்லையே ‘சி நோ’ எனப் பிரித்தெழுதினால் ‘இல்லாவிட்டால்’ எனப் பொருள் மாறும். சேர்த்தெழுதிய ‘சினோ’வுக்குப் பெயர்ச்சொல்லாக வரும்போது ஊழ் என்னும் பொருளுமுண்டு. ரிவாஸ் பிரபு எழுதி 1835இல் மட்ரிட்டில் அரங்கேறிய புகழ்பெற்ற நாடகத்தின் தலைப்பில் வருவது அந்தச் ‘சினோ’தான். இத்தாலிய இசைமேதை வெர்டி 1862இல் அதனை இசைநாடகமாக்கினார்.

இனி ‘ஆவுன்கே’ என்னுஞ் சொல்லுக்கு வருவோம். என் கருத்தில் ஸ்பானிய மொழியின் நுட்பத்தை இதைப்போற் காட்டுஞ் சொல் வேறில்லை. “ஆவுன்கே யுவேவே” என்றால், மழை பெய்கிறது, ஆயினும் என்பது பொருள். “ஆவுன்கே யுவேவா” என்றால், மழை பெய்தாலும் என்பது பொருள். முன்னதில் மழை உண்மையாகவே பெய்கிறது. பின்னதிற் பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். நாம் வினையெச்சத்தை மாற்றிக் காட்டும் வேற்றுமையை அவர்கள் வினையின் ஈற்றிலுள்ள ஓர் உயிரெழுத்தை மாற்றிக் காட்டுகிறார்கள்.

அதனினும் நுண்ணியதொன்றுண்டு. “ஆவுன்கே எஸ் மி இஹோ” என்று ஒரு தந்தை சொன்னால், இவன் என் மகன் என்னுஞ் செய்தியைக் கேட்போருக்குத் தெரிவித்து, ஆயினும் தண்டிப்பேன் என்கிறார். “ஆவுன்கே சேயா மி இஹோ” என்றாலோ, என் மகனேயாயினும் என்றாகிறது. மகன் என்பது யாவரும் அறிந்ததாகவே இருக்கலாம். அதனை நான் பொருட்படுத்தேன் என்பதே தொனி. ஓரசை மாறத் தந்தையின் நெஞ்சுரமே வேறாகக் கேட்கின்றதல்லவா?

‘எப்பொழுது’ என்பதைக் குறிக்கும் ‘குவாந்தோ’வும் இவ்வாறே. “குவாந்தோ யேகா” என்றால் அவர் வரும்போதெல்லாம். “குவாந்தோ யேகே” என்றால் இனி வரும்போது. ஆதலால் இச்சொற்களைத் தனியே எழுதாமல், இவ்விரு வாக்கியங்களாகச் சோடி சேர்த்துக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்வதே நலம்.

உம்மைக்கு நிகரான ‘இ’ என்னுஞ் சொல், இகர ஒலியில் தொடங்குஞ் சொல்லின் முன் ‘எ’ எனத் திரியும். தந்தையும் மகனும் என்பது “பாத்ரே எ இஹோ”. அவ்வாறே ‘அல்லது’ எனப் பொருள்படும் ‘ஒ’, ஒகர ஒலியின் முன் ‘உ’ ஆகும். ஏழு அல்லது எட்டு என்பது “சியெத்தே உ ஓச்சோ”. இரண்டு உயிர்கள் மோதாதிருக்க நாம் உடம்படுமெய்யை இடையில் வைக்கிறோம். அவர்கள் உயிரையே மாற்றிவிடுகிறார்கள். நன்னூல் படித்த பிள்ளைகளுக்கு இது விளங்கப் பாடசாலையில் ஒரு நாழிகையும் வேண்டா.

‘எனினும்’ என்பதற்கு எழுத்து நடையிற் பெரிதும் வழங்குவது ‘சின் எம்பார்கோ’. ‘சின்’ என்றால் இன்றி; ‘எம்பார்கோ’ என்றால் தடை. வணிகத் தடையைக் குறித்துப் பத்திரிகைகளில் நாம் காணும் ஆங்கிலச் சொல்லும் ஸ்பானிய மொழியிலிருந்து சென்றதே. முன் சொன்னது பின் சொல்வதற்குத் தடையாகாது என்பதே இத்தொடரின் உட்பொருள்.

இணைப்புச் சொற்களை ஒரு மொழி மற்றொன்றினிடம் எளிதிற் கடன் வாங்குவதில்லை. ஆயினும் நெடுங்காலம் கூடி வாழ்ந்தால் அதுவும் நிகழும். 711ஆம் ஆண்டு முதல் 1492ஆம் ஆண்டு வரை ஸ்பெயினின் ஏதாவதொரு பகுதியில் முஸ்லிம் ஆட்சி இருந்தது. அக்காலத்து அரபு மொழி அளித்ததே ‘வரை’ எனப் பொருள்படும் ‘அஸ்தா’. பின்னர் ஸ்பானியர் பிலிப்பைன் தீவுகளை ஆண்டபோது அவர்களுடைய ‘பெரோ’ தகாலொகு மொழியிற் குடியேறி இன்றும் அங்கே வழங்குகின்றது.

அந்த ‘அஸ்தா’விடம் சற்று எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். “எல் மெதிகோ ஆத்தியெந்தே அஸ்தா லாஸ் சிங்கோ” என்று ஸ்பெயினிற் சொன்னால், மருத்துவர் ஐந்து மணிவரை நோயாளரைப் பார்ப்பார் என்பது பொருள். மெக்சிக்கோவிலோ, ஐந்து மணிக்கு முன் பார்க்கமாட்டார், அதன் பின்னரே பார்ப்பார் என்றும் அது பொருள்படும். இவ்வழக்கு மத்திய அமெரிக்காவிலும் கொலம்பியாவிலும் உண்டு. காய்ச்சலுடன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாலரை மணிக்கு ஓடிச் செல்பவன் சாத்திய கதவைக் காண நேரலாம். ஆகவே அங்கே செல்வோர் ‘அஸ்தா’ என்று காதில் விழுந்ததும், “தெஸ்தே கே ஓரா?” என்று கேட்டுவிடுவது நல்லது. எத்தனை மணியிலிருந்து என்பது அதன் பொருள்.