இரு பெயர்ப் பட்டியல்கள்

வெளி மாநில நகரமொன்றில் ஒரு தமிழ்ச் சங்கம் இருப்பதாகப் பாவித்துக்கொள்வோம். செயலாளரிடம் ஓர் உறுப்பினர் பட்டியல், பொருளாளரிடம் மற்றொன்று. பொன்னம்மாள், கோமதி, முருகேசன் என்னும் மூன்று பெயர்களே இரண்டிலும், அதே வரிசையில் உள்ளன. ஆயினும், 'இவை சமமா?' என்று ஜாவா என்னும் கணினி மொழியில் இரட்டைச் சமக்குறியிட்டு வினவினால், 'இல்லை' என்றே விடை கிடைக்கும்!

காரணம் எளிது. ஒவ்வொரு பெயரும் ஓர் எழுத்துச் சரம். சரங்களை வரிசையாகக் கொண்டது அணி. சமக்குறி பார்ப்பது, அவ்வணி நினைவகத்தில் குடியிருக்கும் இடத்தையேயன்றி உள்ளடக்கத்தை அன்று. இரு வீடுகளில் ஒரே விதமான பாத்திரங்கள் இருப்பினும் வீடுகள் வேறுதானே? அணியோடு பிறந்த 'ஈக்வல்ஸ்' என்னும் கட்டளையும் இதையே செய்கிறது. பெயரைக் கண்டு ஏமாறுவோர் பலர். 'அர்ரேஸ்' என்னும் தொகுப்பிலுள்ள 'ஈக்வல்ஸ்' கட்டளையே முதலில் எண்ணிக்கையையும், பின்னர் ஒவ்வொரு பெயரையும் அதனதன் இடத்தில் வைத்து ஒப்பிடுகிறது. வரிசை மாறியிருக்கக் கூடுமெனில், இரு பட்டியல்களுக்கும் நகலெடுத்து, அகர வரிசைப்படுத்திய பின் ஒப்பிட வேண்டும்.

இவ்வளவு செய்தும் கோமதி அம்மையார் தவறிப்போகலாம். இது தமிழ் எழுத்துகளில் நேரும் சங்கடம். யூனிகோடு முறையில் 'கோ' என்பதைக் ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றை இட்டும் சேமிக்கலாம். இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக இட்டும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ, முன்னது ஐந்து குறியீடுகள் கொண்ட பெயர், பின்னது ஆறு. பழைய தட்டச்சுப் பொறியில் கொம்புக்கும் காலுக்கும் வெவ்வேறு விசைகள் இருந்ததை நேயர்களில் சிலர் நினைவுகூரலாம். அங்கே தாளில் விழுந்த உருவமே முடிவு, இங்கே அவ்வாறன்று.

2006-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜாவாவின் ஆறாம் பதிப்பு முதல் இதற்கு 'நார்மலைசர்' என்னும் கருவி உண்டு. அதன் 'என்.எப்.சி.' முறை, பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒரே வடிவாக்கும். பெயரைப் பதிவு செய்யும்போதே இதைச் செய்துவிடுவது உத்தமம்; இல்லையேல், சந்தா செலுத்தியவர் தேர்தல் நாளில் பட்டியலில் இடமின்றி நிற்க நேரிடும்.

சௌந்தரம் என்னும் பெயரில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் ஒருவர் தட்டியிருந்தால் மட்டும் அக்கருவியும் உதவாது. அது எழுத்துப் பிழை. மனிதர் ஒருவர் பார்த்தே திருத்தியாக வேண்டும்.