கடிவாளம் (9): எதிரியின் பீப்பாயிலும் பங்கு

கார்னகியின் எஃகாலைகளையும் 1892இல் ஹோம்ஸ்டெட்டில் தொழிலாளர்கள் சிந்திய ரத்தத்தையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த வாரம் ஸ்டாண்டர்ட் ஆயிலை உடைத்த 1911ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பற்றி எழுதுவதாகத்தான் பேச்சு. ஆனால் வழியில் ஒரு 40 சென்ட் கணக்கு குறுக்கே நிற்கிறது. அதைத் தாண்டித் தீர்ப்புக்குப் போனால் தீர்ப்பே விளங்காது.

1872 ஜனவரி. பென்சில்வேனியா, எரி, நியூயார்க் சென்ட்ரல் ஆகிய மூன்று ரயில் நிறுவனங்களும் ‘சவுத் இம்ப்ரூவ்மென்ட் கம்பெனி’ என்ற ஒரு நிறுவனத்தோடு ரகசிய ஒப்பந்தம் போட்டன. அதன் பின்னால் இருந்தவர்கள் ஸ்டாண்டர்ட் ஆயிலின் அதிபர் ஜான் டி. ராக்ஃபெல்லரும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய சுத்திகரிப்பாளர்களும். எண்ணெய் வயலிலிருந்து கிளீவ்லாந்துக்கு ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் கொண்டுவர ஊருக்கெல்லாம் 80 சென்ட் கட்டணம். கூட்டணிக்காரர்களுக்கு மட்டும் 40 சென்ட் தள்ளுபடி. மொத்தமாகச் சரக்கு அனுப்புகிறவருக்குச் சலுகை தருவது எங்கும் நடப்பதுதானே என்று தோன்றலாம்.

அடுத்த ஷரத்தைப் பாருங்கள். கூட்டணிக்கு வெளியே இருக்கும் ஒருவர் தன் பீப்பாய்க்கு 80 சென்ட் கட்டினால், அதில் 40 சென்ட்டை ரயில் நிறுவனம் கூட்டணிக்கு அனுப்பிவிட வேண்டும்! எதிரி எவ்வளவு உழைக்கிறானோ அவ்வளவு வரும்படி. அதோடு, யார், எவ்வளவு சரக்கை, எங்கே அனுப்புகிறார்கள் என்ற விவரமும் நாள்தோறும் கூட்டணியின் மேசைக்கு வந்துவிட வேண்டும். எதிரியின் கட்டணத்தில் கிடைக்கும் இந்தப் பங்குக்கு ‘டிராபேக்’ என்று பெயர். இந்தத் தொடருக்காகப் புரட்டிய ஒப்பந்தங்களில் இவ்வளவு கச்சிதமான கொள்ளை வேறொன்று இல்லை. சந்தைப் போட்டியில் திறமைசாலி வெல்கிறான் என்று பாடம் நடத்துகிறவர்கள் முதலில் இந்த 40 சென்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

விஷயம் பிப்ரவரியில் வெளியே கசிந்தது. எண்ணெய் வயல்கள் கொதித்தன. டைட்டஸ்வில் நாடக அரங்கில் கூட்டம் நிரம்பி வழிந்தது. கூட்டணிக்கு ஒரு பீப்பாய்கூட விற்பதில்லை என்று உற்பத்தியாளர்கள் உறுதி எடுத்தார்கள். ஏப்ரலில் பென்சில்வேனியா சட்டமன்றம் அந்த நிறுவனத்தின் உரிமத்தையே ரத்து செய்தது. ஒப்பந்தப்படி ஒரு சென்ட்கூடக் கைமாறவில்லை. ஆனாலும் அந்தச் சில வாரப் பயமே போதுமானதாக இருந்தது: கிளீவ்லாந்தில் இருந்த 26 போட்டியாளர்களில் 22 பேரின் ஆலைகள் ராக்ஃபெல்லரின் கைக்கு வந்துவிட்டன.

டைட்டஸ்வில்லில் அப்போது ஐடா டார்பெல் என்ற 14 வயதுச் சிறுமி இருந்தாள். அவள் தந்தை ஃபிராங்க்ளின், எண்ணெய் சேமிக்க மரத் தொட்டிகள் செய்து பிழைத்தவர். பித்தோல் என்ற எண்ணெய் நகரம் ஊற்று வற்றிக் காலியானபோது, அங்கிருந்த பெரிய ஹோட்டல் ஒன்றை 600 டாலருக்கு வாங்கிப் பிரித்து, அந்த மரத்திலும் கதவு ஜன்னல்களிலும் டைட்டஸ்வில்லில் குடும்பத்துக்கு வீடு கட்டினார். அந்த வீட்டிலிருந்துதான் அவர் இரவுக் கூட்டங்களுக்குப் போய்வந்தார். மகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். 30 ஆண்டு கழித்து, 1902 நவம்பரில், ‘மெக்ளூர்ஸ்’ இதழில் ஸ்டாண்டர்ட் ஆயிலின் வரலாற்றை ஐடா எழுதத் தொடங்கினார். அதுவும் ஒரு தொடர்தான். நீதிமன்றப் பதிவுகள், சட்டமன்ற விசாரணைகள், ரயில் கட்டணப் பட்டியல்கள் என்று காகிதங்களை அடுக்கி அடுக்கியே அந்தப் பேரரசை அவர் அம்பலத்துக்குக் கொண்டுவந்தார்.

செல்வக் குவிப்புக்குக் கடிவாளம் வேண்டுமா என்ற இந்தத் தொடரின் கேள்விக்கு விடை, எண்ணெய் வயல்களின் அந்தக் கொதிப்புக்குப் பின் நடந்ததில் இருக்கிறது. 1872 மார்ச் 25 அன்று, இனி எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்று ரயில் நிறுவனங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தன. அதை மீறினால் கேட்க ஆள் இல்லை. தள்ளுபடி மீண்டும் தலைதூக்கியது. 1885இல் ஓஹையோவில் ஜார்ஜ் ரைஸ் என்ற சிறு சுத்திகரிப்பாளரிடம் பீப்பாய்க்கு 35 சென்ட் வசூலித்த ஒரு ரயில் பாதை, அதில் 25 சென்ட்டை ஸ்டாண்டர்ட் ஆயில் தரப்புக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஸ்டாண்டர்ட் கட்டியதோ 10 சென்ட். இம்முறை காகிதத்தில் அல்ல, கைமேல் காசாகவே டிராபேக் நடந்தது. அந்தப் பாதை நீதிமன்றம் நியமித்த நிர்வாகியிடம் இருந்ததால்தான் ரைஸால் வழக்காட முடிந்தது, நிர்வாகி நீக்கப்பட்டார். மற்ற பாதைகளில் மாட்டிக்கொண்ட சிறு வியாபாரிகள் யாரிடம் போயிருப்பார்கள்?

1887இல் மாநிலங்களுக்கிடையே வணிகத்தைக் கண்காணிக்கும் ஆணையம் வந்தது. தள்ளுபடி குற்றமானது, ஆனால் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதிக்கும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு 1906இல்தான் கிடைத்தது. இடையில் 19 ஆண்டுகள். அத்தனை காலமும் செல்வம் ஒரே பக்கம் குவிந்துகொண்டிருந்தது. ராக்ஃபெல்லரின் சிக்கனத்தையும் நிர்வாகத் திறனையும் யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குவியலில் ரைஸ்களின் 25 சென்ட்டுகளும் இருந்தன. ஏற்றத்தாழ்வு இயற்கையின் போக்கு என்று சொல்லிவிட்டு நகர முடியாதது இதனால்தான்.

1911 மே 15 தீர்ப்பு அடுத்த வாரத்துக்குப் போகிறது. ஸ்டாண்டர்ட் ஆயில் 34 துண்டாக உடைந்த பிறகு ராக்ஃபெல்லர் முன்பைவிடப் பெரிய பணக்காரர் ஆனார். அது எப்படி நடந்தது என்பதோடு, துண்டுகளில் இரண்டான எக்ஸானும் மொபிலும் 1999இல் மறுபடி ஒன்றுசேர்ந்த கதையையும் அப்போது பார்க்கலாம்.

(தொடரும்)