வெள்ளத்தில் மூச்சடக்கும் நெல்

நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் தலை மூழ்கிவிட்டால் அதற்கும் தாங்காது. நட்ட பயிர் முழுக்க மூழ்கி ஒரு வாரத்துக்கு மேல் கிடந்தால் பெரும்பாலான ரகங்கள் அழுகிவிடும். கொட்டித் தீர்க்கும் பெருமழைகள் கூடிவரும் இக்காலத்தில், ஒடிசா முதல் காவிரி டெல்டா வரை தாழ்வான வயல் வைத்திருப்போரின் பெரும் கவலை இது.

மூழ்கிய பயிரை அதன் அவசரமே கொல்கிறது. பயிரிலிருந்து வெளியேற வேண்டிய எத்திலீன் வாயு, தண்ணீருக்குள் வழியின்றித் திசுக்களில் தேங்கும். உடனே பயிர், இலை நுனியையாவது மேலே நீட்டிவிட மளமளவென வளரும். சேர்த்து வைத்த மாவுச்சத்தெல்லாம் அதிலேயே கரைந்துபோகும். தண்ணீர் வடிந்ததும் வெளுத்து மெலிந்த தண்டு நிற்கத் தெம்பின்றிச் சேற்றில் சாயும்.

ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ ரகம் இப்படி அவசரப்படுவதில்லை. மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்தி, இருப்பைச் சிக்கனமாகச் செலவிடும். இதற்குக் காரணமான சப்1ஏ மரபணுவை டேவிட் மக்கில், பமீலா ரொனால்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அடையாளம் கண்டு 2006இல் அறிவித்தார்கள்.

ஆனால் எஃப்.ஆர்.13ஏ விளைச்சல் குறைந்த ரகம். விவசாயிகள் விரும்பியதோ சுவர்ணா என்னும் ரகம். எனவே சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்தக் குணத்தைச் சுவர்ணாவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மரபணுவைச் சுமந்த நெல்லைச் சுவர்ணாவோடு கலப்பு செய்து, பிறந்த நாற்றுகளை மறுபடி மறுபடி சுவர்ணாவோடே சேர்த்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றின் டி.என்.ஏ.வைச் சோதித்து, சப்1ஏ உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மரபணு மாற்றம் இல்லை, வழக்கமான கலப்புதான். 2009இல் சுவர்ணா சப்1 இந்தியாவில் வெளியானது. டெல்டாவின் சம்பா பட்டத்துக்குப் பழகிய சி.ஆர்.1009 ரகத்துக்கும் பின்னர் இதே குணம் வந்தது.

வெள்ளம் வடிந்த அன்று இந்த ரகங்களை நட்ட வயலும் பழுத்த இலையும் சேறுமாகத்தான் கிடக்கும். அவசரப்பட்டு உழுதுவிடக் கூடாது. சில நாளில் தூரிலிருந்து பச்சைக் குருத்து கிளம்பும்.

இந்தக் குணத்துக்கும் எல்லை உண்டு. சுமார் இரண்டு வாரம் வரைதான் தாங்கும். பூக்கும் பருவத்தில் மூழ்கினால் காப்பாற்றாது. வடிகால் தூர்வாராத குறையையும் விதை தீர்க்காது. ஆனாலும் உழவர் தம் ரகத்தையோ சாகுபடி முறையையோ மாற்ற வேண்டியதில்லை என்பதே இதன் பெரிய பலம். விளைச்சல் குறைவென்று ஒதுக்கிய ஒரு நெல்லில்தான் இந்தக் குணம் இருந்தது. வறட்சியையும் உப்புநீரையும் தாங்கும் குணங்களையும் இத்தகைய நாட்டு நெல்லில்தான் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே நாட்டு ரகங்களை அழியவிடாமல் காப்பது அரசும் உழவரும் இன்றே செய்ய வேண்டிய வேலை.