காணி உறுதியிலே எங்கள் கொப்பாட்டி

"உங்கள் பூட்டியைப் பெற்ற தாயின் பெயர் என்ன?" என்று எவரேனும் கேட்டால் நம்மில் எத்தனை பேர் தயங்காமல் விடை சொல்வோம்? எங்கள் வகுப்பில் இக்கேள்வி எழுந்தபோது ஒருவருமே கை உயர்த்தவில்லை. பூட்டனின் தகப்பன் பெயரைச் சொல்லச் சிலரால் முடிந்தது. யாழ்ப்பாணத்தில் தகப்பன் பெயரே பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்பதால், ஆண் வழியில் பெயர்கள் ஒன்றையொன்று கைபிடித்து வருகின்றன. பெண் வழியில் அப்படி ஒரு பிடி இல்லை. இரண்டு தலைமுறைக்குள் பெயர் மறைந்து, "அந்த ஆச்சி" என்ற சொல்லே எஞ்சுகின்றது.

ஆனால் ஓரிடத்தில் அப்பெண்களின் பெயர்கள் முழுமையாக இருக்கின்றன. அவை காணி உறுதிகள். இதனை நாங்கள் புத்தகத்திலிருந்து அறியவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றடியிலிருந்தே அறிந்தோம்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது எங்கள் அம்மம்மாவும் கையிலெடுத்த மூட்டையுடன் நடந்தார். உறுதிகள் வைத்திருந்த தகரப்பெட்டி வீட்டிலேயே தங்கிவிட்டது. திரும்பி வந்தபோது வீடு நின்றது, பெட்டியைக் காணவில்லை. அக்காணியில் வீட்டைத் திருத்துவதற்கு அண்மையில் உறுதி தேவைப்பட்டது. அதனைத் தேடும் வேலையில் அம்மாவுடன் நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

உறுதி தொலைந்தால் காணியே தொலைந்ததென்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வாறன்று. நொத்தாரிசு ஓர் உறுதியை முடிக்கும்போது மூன்று படிகள் உண்டாகின்றன. மூலப்படி உரிமையாளருக்கு, ஒரு படி காணிப் பதிவகத்துக்கு, மற்றொன்று நொத்தாரிசின் கோவைக்கு. பதிவகத்தில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு புத்தக எண்ணும் பக்க எண்ணும் உண்டு. அப்பக்கம் நிறைந்தால் புதிய பக்கத்துக்குக் கொண்டுபோவார்கள். முன்னைய பக்கம் எது என்பதையும் குறித்துவைப்பார்கள். ஒரு பக்கம் கையில் கிடைத்தால் படிப்படியாகப் பின்னோக்கிப் போகலாம். காணி உறுதிகளைப் பதியும் முறை ஆங்கிலேயர் ஆட்சியில் 1863ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பட்டது. அதற்கு முன்னரே, 1840ஆம் ஆண்டுச் சட்டம், காணி கைமாறுவதற்கும் மரணசாதனம் எழுதுவதற்கும் ஒழுங்கு வகுத்திருந்தது. மரணசாதனமாயின் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளாவது, நொத்தாரிசு இல்லையெனில் ஐந்து சாட்சிகளாவது கையொப்பமிட வேண்டும். அச்சாட்சிகள் பெரும்பாலும் மாமன், மைத்துனன், அயலவர் ஆகியோரே. ஆகவே சாட்சிகளின் பெயர்களும் உறவைத் தேடுவோருக்கு உதவும். ஒருவர் சொத்து விட்டு இறந்தபின் நீதிமன்றத்தில் நடக்கும் மரணசாதன வழக்கிலோ, உரித்தாளர் அனைவரின் பெயர்களும், வயது வராத பிள்ளைகளின் பெயர்கள்கூட, வரிசையாக இருக்கும்.

இனி, பெண்களின் பெயர்கள் உறுதியில் ஏன் நிலைத்தன என்பதைப் பார்ப்போம். இதற்கு விடை தேசவழமையில் இருக்கின்றது. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பறங்கியரிடமிருந்து கைப்பற்றினர். இவ்வூர் வழக்குகளைத் தீர்ப்பதற்கு இவ்வூர் வழமை தெரிய வேண்டியிருந்தது. அதனால் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி 1707இல் அவ்வழமைகளைத் தொகுத்தார். பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் அதனைப் பார்த்துச் சரியென்றனர். ஆங்கிலேயரும் 1806இல் அதனைச் சட்டமாக ஏற்றனர். அதன்படி சொத்து மூன்று வகைப்படும்: முன்னோரிடமிருந்து வருவது முதுசம், மகளுக்குக் கொடுப்பது சீதனம், மணம் முடித்தபின் சம்பாதிப்பது தேடியதேட்டம். தாயின் சீதனம் மகளுக்கும், அவளிடமிருந்து அவள் மகளுக்கும் போவதே பழைய வழமை. எனவே ஒரே வளவின் உறுதிகளை அடுக்கிப் பார்த்தால், தாய், அவள் தாய், அவளுக்கும் தாய் என்று ஒரு பெண்வழி வம்சமே அங்கு தோன்றும். மணமான பெண் தன் காணியை விற்பதற்கோ கொடுப்பதற்கோ கணவனின் சம்மதமும் கையொப்பமும் வேண்டும் என்பது தேசவழமையின் மற்றொரு விதி. அவ்விதியைப் பற்றி எங்களுக்கு வேறு எண்ணம் உண்டு. ஆயினும் அதனாலேயே மனைவி, கணவன் இருவர் பெயரும் தத்தம் தகப்பன் பெயரோடு ஒரே தாளில் அமைந்துவிட்டன.

உறுதியின் கடைசிப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடக் கூடாது. அங்கேதான் காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லைகள், கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை யாவும் வரும். எங்கள் வளவு நான்கு பரப்பு. பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். எல்லைக்காரர்களின் பெயர்களைக் கவனியுங்கள். ஒரு தகப்பன் தன் வளவைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதால் பக்கத்துக் காணிக்காரர் பெரும்பாலும் உடன்பிறந்தவராகவே இருப்பார்.

எங்களுக்கும் பக்கத்து வளவுக்கும் நீண்ட காலமாகக் கிணற்று வழக்கு உண்டு. கிணறு எங்களுடையது மட்டுமே என்று நாங்கள் சொல்வோம். தமக்கும் பங்குண்டென்று அவர்கள் சொல்வார்கள். நடுவில் வேலி உயர்ந்தது, பேச்சு நின்றது. "ஏதோ தூரத்துச் சொந்தம்" என்பார் அம்மம்மா. எவ்வகைச் சொந்தம் என்று கேட்டால் விடை வராது.

பதிவகத்திலிருந்து பிரதிகள் வந்தன. அம்மம்மாவின் உறுதிக்கு முன்னால் பூட்டியின் உறுதி. அதற்கும் முன்னால், 1920களில் முடித்த ஒரு சீதன உறுதி. அதிலே எங்கள் கொப்பாட்டியின் பெயர் இருந்தது. வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திராத பெயர் அது. மேற்கு எல்லையாக அவருடைய தங்கைக்குக் கொடுத்த காணி குறிக்கப்பட்டிருந்தது. தங்கையின் காணியே இன்றைய பக்கத்து வளவு. அதன் கீழே, கிணற்றில் அரைப்பங்கு அக்காளுக்கு, அரைப்பங்கு தங்கைக்கு என்று தெளிவாக எழுதியிருந்தது.

எங்களது உரிமையை நிலைநாட்டப் போன நாங்கள், அவர்களது உரிமைக்கான சான்றையும் கொண்டு வந்தோம்! அம்மம்மா அந்த வரியை மும்முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு விரல் விட்டு எண்ணினார். அக்காள் தங்கையின் பெண்மக்கள் சகோதரிகள். அவர்களின் பெண்மக்களும் சகோதரிகள். அப்படியாயின் அடுத்த வளவு ஆச்சி அம்மம்மாவுக்குத் தூரத்துச் சொந்தமன்று, தங்கை முறை! எங்களுக்கு அவர் சின்ன அம்மம்மா. ஒரு கிழமை அம்மம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் அவர்களின் படலையைத் திறந்து உள்ளே போனார். வேலி இன்னும் இருக்கின்றது. ஆனால் கிணற்றடிக்குப் போக அதில் ஒரு பொட்டு விட்டிருக்கின்றோம்.

இன்னும் பின்னோக்கிச் செல்வோருக்கு ஒல்லாந்தரின் தோம்புகள் உண்டு. காணிகளைப் பதிந்தது நிலத்தோம்பு. குடும்பத்தினரைப் பதிந்தது தலைத்தோம்பு. பாடசாலைத் தோம்புகளில் ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பட்டன. கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் ஒல்லாந்தர் கால ஏடுகள் பல காக்கப்படுகின்றன. ஆனால் இவற்றை விழிப்போடு வாசிக்க வேண்டும். ஏனெனில் வரி வாங்கவும் ஊழியம் வாங்கவுமே தோம்பு எழுதப்பட்டது. ஒல்லாந்தரின் பதிவில் பெயர் இருப்பதால் அவர் அவர்களது சபையைச் சேர்ந்தவர் என்று முடிவு செய்யவும் முடியாது. கத்தோலிக்கக் குருவுக்கு இடமளிப்பதே குற்றமாயிருந்த காலம் அது. சட்டப்படி விவாகம் செல்லவேண்டுமாயின் அப்பதிவைத் தவிர வேறு வழியில்லை. 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த புனித யோசேவாஸ் அடிகளார் மறைவில் சந்தித்த மக்களும் இத்தகையோரே.

மனத்தை வருத்தும் செய்தி ஒன்றையும் மறைக்கக் கூடாது. பழைய சாதனங்களில் நகை, மாடு, காணி ஆகியவற்றோடு அடிமைகளும் சொத்தாகக் கணக்கிடப்பட்டனர். தேசவழமையிலேயே அடிமைகள் பற்றிய விதிகள் உள்ளன. இலங்கையில் 1844இல்தான் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. முன்னோரைத் தேடும்போது பெருமைக்குரியவற்றை மட்டும் பொறுக்கிக்கொள்ள முடியாது. சொத்தாக எழுதப்பட்ட அம்மனிதருக்கும் இன்று பேரப்பிள்ளைகள் உண்டு; அவர்கள் தம் முன்னோரைத் தேடும்போது ஒரு பெயர் மட்டுமே, அதுவும் இன்னொருவரின் உடைமைப் பட்டியலில், கிடைக்கின்றது.

தோழியரே, நீங்களும் தேட விரும்பினால் வீட்டிலிருந்தே தொடங்குங்கள். முதலில் முதியோரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுப் பெயரையும் ஞானஸ்நானப் பெயரையும் தனித்தனியே குறியுங்கள், உறுதியில் ஒன்றும் ஊர் வாயில் மற்றொன்றும் இருப்பது வழக்கம். பின்பு உறுதிகளைப் பெரியோர் முன்னிலையில் வாசியுங்கள். அரைக்கால், மாகாணி என்று வரும் பழைய பின்னங்களின் பொருளை அவர்களிடமே கேளுங்கள். அதன்பின் பங்குக் கோவிலின் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். எல்லைக்காரர் பெயர்களை மறவாதீர்கள்.

எங்கள் கொப்பாட்டியின் பெயரை அம்மா வேதாகமத்தின் முதற்பக்கத்தில் எழுதிவைத்திருக்கின்றார். அதன் அருகே அவர் தங்கையின் பெயரும் இருக்கின்றது. இறந்தோர் திருநாளன்று இவ்வாண்டு இரு வீட்டாரும் சேர்ந்து இருவருக்காகவும் பூசை ஒப்புக்கொடுத்தோம்.