இரைப்பை அறுவைக்குப் பின் உணவும் வாழ்வும்

சில ஆண்டுகளுக்கு முன் நம் பழைய மாணவர் விருந்தொன்றில் எம் நண்பர் ஒருவர் எம்மருகே அமர்ந்திருந்தார். மாணாக்கராயிருந்த காலத்தில் விடுதிச் சமையற்காரர் அஞ்சும் அளவுக்கு உண்டு பெயர் பெற்றவர் அவர். அன்றோ, அவர் இலையில் அவித்த முட்டையொன்றும், ஒரு கரண்டிப் பருப்பும், பெயரளவிற்குச் சிறிது சோறுமே இருந்தன. அவற்றை உண்டு முடிக்க அவருக்கு அரைமணி நேரம் ஆயிற்று. பக்கத்திலிருந்த தண்ணீரை அவர் தொடவேயில்லை. பரிமாறியவர் பாயசத்தை ஊற்ற முனைந்தபொழுது நண்பர் இலையின்மேல் கையை மறித்து, 'வேண்டா, ஐயா' என்றார். மும்முறை வற்புறுத்தியும் அவர் இசையாமை கண்டு பரிமாறியவர் முகம் சுளித்துச் சென்றார். நண்பர் உடல் மெலிந்ததற்கு வருந்தியவரும், நோயோ என ஐயுற்றவரும், செருக்கோ எனப் பேசினவரும் அப்பந்தியிலேயே இருந்தனர். எட்டுத் திங்களுக்கு முன் அவர் உடல் எடையைக் குறைக்கும் பொருட்டு இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் என்பதை அறிந்தார் சிலரே.

அச்சிகிச்சை இப்பொழுது நம் நகரங்களிலும் நடைபெறுகின்றது. ஆயினும் அதற்குப்பின் மனிதன் எவ்வாறு உண்கின்றான், எவ்வாறு வாழ்கின்றான் என்பதைப் பற்றி நம்மவர் அறிந்திருப்பது மிகக் குறைவு. ஆதலின் அதனை ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

பருத்த உடலினரைக் கண்டால் 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று சொல்லிவிடுதல் எளிது. யாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். உண்மை அவ்வளவு எளிதன்று. உணவைக் குறைத்து எடையை இழந்தவனுடைய உடல் அவ்விழப்பைப் பஞ்சமெனக் கருதுகின்றது. பசி மிகுகின்றது, உடல் செலவிடும் ஆற்றலும் சுருங்குகின்றது. 1999-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞராகிய கோஜிமாவும் காங்காவாவும் இரைப்பையிலிருந்து 'கிரெலின்' என்னும் ஹார்மோன் சுரப்பதைக் கண்டறிந்தனர். பசியைத் தூண்டுவது அது. பட்டினி கிடந்து மெலிந்தவரிடத்து அது முன்னினும் மிகுதியாகச் சுரக்கின்றது. எனவே மன உறுதி ஒன்றையே படைக்கலமாகக் கொண்டு ஆண்டுக்கணக்கில் அப்பசியோடு பொருது வெல்பவர் சிலரே.

இவ்வறுவையின் வரலாறு சுவையானது. 1954-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் கிரெமனும் லின்னரும் சிறுகுடலின் பெரும்பகுதியை விலக்கி உணவை வேறு வழியாகச் செலுத்தும் முறையொன்றை வெளியிட்டனர். எடை குறைந்தது, ஆனால் அம்முறையில் வயிற்றுப்போக்கும், கல்லீரற் கேடும், சத்துக் குறைவும் பலரைப் பற்றியமையால் பிற்காலத்தில் அது கைவிடப்பட்டது. அயோவாப் பல்கலைக்கழகத்து எட்வர்டு மேசன் என்பார் வேறொன்றைக் கவனித்தார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்தே இருந்தனர். மீண்டும் பருக்க அவர்களால் எளிதில் இயலவில்லை. புண்பட்டவர்க்குத் துன்பமாயிருந்த இது பருத்தவர்க்கு மருந்தாகலாமன்றோ என அவர் எண்ணினார். 1966-இல் அவரும் இட்டோவும் செய்த அறுவையே இன்றைய இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சைக்கு மூலம். 1994-ஆம் ஆண்டு முதல் வயிற்றை அகலத் திறவாமல் சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்தி இதனைச் செய்யும் முறையும் வந்தது.

இன்று மிகுதியாகச் செய்யப்படுவன இரண்டு. மாற்றுவழி முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் ஏறக்குறைய 30 மில்லிலிட்டர் கொள்ளத்தக்க ஒரு சிறு பையைப் பிரித்தமைத்து, அதனைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரே இணைத்துவிடுவர். எஞ்சிய இரைப்பையும், குடலின் முதற்பகுதியும் உள்ளேயே இருக்கும்; ஆனால் உணவு அவ்வழியே செல்லாது. மற்றொன்றில் இரைப்பையின் நான்கில் மூன்று பங்கிற்கும் மேலாக வெட்டி நீக்கி, எஞ்சியதைச் சட்டைக்கை போன்ற குழலாக அமைப்பர். இரண்டிலும் சிறிது உண்டவுடனே வயிறு நிரம்புகின்றது. அதுவன்றிப் பசியையும் மனநிறைவையும் உணர்த்தும் ஹார்மோன்களின் சுரப்பும் மாறுகின்றது. நீரிழிவு உடையார் பலர்க்கு எடை பெரிதும் குறையுமுன்பே, சில நாட்களிலேயே, குருதியிற் சர்க்கரை தணிவதைக் கண்டு மருத்துவர்களே வியந்தனர். சுவீடன் தேசத்தில் 1987-இல் தொடங்கி 4,000-க்கு மேற்பட்டோரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியில், அறுவை செய்துகொண்டோரிடத்து இறப்பு குறைந்திருந்ததை 2007-இல் வெளியிட்டனர்.

இனி உணவுக்கு வருவோம். அறுத்துத் தைத்த இடம் ஆறும் வரையில் திட உணவு அதன்மீது பாரமாகும். ஆகையால் முதல் ஓரிரு நாட்கள் தண்ணீரும் வடித்த தெளிநீருமே கொடுப்பர். பின்னர் ஏறக்குறைய இரண்டு வாரம் பால், மோர், வடிகட்டிய பருப்பு நீர், புரதமாவு கலந்த பானம் என நீராகாரமே. அதன்பின் மசித்தன, அதன்பின் குழைய வெந்தன. ஆறு அல்லது எட்டு வாரங்கள் கழிந்தே ஏனையோர் உண்பதைச் சிறிதளவில் உண்ணத் தொடங்கலாம். மருத்துவமனைக்கு மருத்துவமனை இக்கால எல்லை சற்றே வேறுபடும். தத்தம் மருத்துவர் சொற்படி நடத்தலே முறை. எம் நண்பர் மூன்றாம் வாரத்தில், 'இட்லி மெல்லியதுதானே' என்று எண்ணி ஒன்றை நான்கு வாயில் உண்டுவிட்டார். நெஞ்சின் நடுவே கல்லை வைத்தாற்போல அடைத்தது. வாயில் நுரைத்த எச்சில் ஊறிக்கொண்டேயிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து உண்டதனைத்தும் வெளியே வந்த பிறகே அவர் மூச்சு விட்டார். அன்றிலிருந்து சிறு கரண்டியையே பயன்படுத்துகின்றார்.

ஒவ்வொரு கவளத்தையும் இருபது முப்பது முறை மெல்லவேண்டும்; கூழானபின்பே விழுங்கவேண்டும். அடுத்த கவளத்திற்கு முன் சற்றுப் பொறுக்கவேண்டும். ஏனெனில் 'போதும்' என்னும் உணர்வு தோன்றுதற்குச் சிறிது காலம் செல்லும். அதற்குள் மேலும் ஒரு கவளம் சென்றுவிட்டால் வேதனையே. ஒட்டிக்கொள்ளும் சோறும், ரொட்டியும், நாருள்ள உலர்ந்த இறைச்சியும் பலர்க்கு ஒவ்வா. உணவோடு நீர் அருந்துதலும் கூடாது. உண்ட பின் அரைமணி நேரம் கழித்தே அருந்தவேண்டும். கவளத்திற்கொரு மிடறு தண்ணீர் குடித்துப் பழகிய நம்மவர்க்கு இஃது அரிய நோன்பு. அங்ஙனமாயினும் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாத நீர் உட்செல்லவேண்டும். ஒரே மூச்சிற் குடிக்கவோ இயலாது. ஆதலால் நாள் முழுதும் மிடறு மிடறாக அருந்திக்கொண்டே இருக்கவேண்டும். நண்பர் எங்குச் சென்றாலும் ஒரு தண்ணீர்க் குப்பி உடன் செல்லும்.

எதனை முதலில் உண்பது? புரதத்தையே. நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை வேண்டுமென்பர். குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் உண்டு. ஒரு தம்ளர்ப் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. வெந்த சோறு 100 கிராமிலோ 3 கிராமும் இல்லை. நம் இலையில் சோறு மலையாகவும் பருப்பு அதன்மேல் மேகமாகவும் இருப்பது வழக்கம். சிறு பையுடையார் இவ்வழக்கைத் தலைகீழாக்க வேண்டியவராகின்றனர். மீன், முட்டை, தயிர், பனீர், பருப்பு, நன்கு வெந்த சுண்டல் ஆகியவை முன்னே, காய் அதன்பின், இடமிருந்தால் சோறு. புலால் உண்ணாதார்க்கு இது கடினமே, முயன்றால் கைகூடுவதுதான்.

பாயசத்தை நண்பர் மறுத்த காரணமும் இங்கே கூறத்தக்கது. மாற்றுவழி செய்யப்பட்ட உடலில் இரைப்பையின் வாயிலிற் காவலில்லை. சர்க்கரை மிகுந்த பொருள் சிறுகுடலினுள் ஒருங்கே கொட்டப்படுகின்றது. இதனால் வருவதையே மருத்துவர் 'டம்பிங்' என்கின்றனர். செறிந்த இனிப்பைக் கரைக்கக் குருதியிலுள்ள நீர் குடலுக்குள் பாய்கின்றது. அரைமணி நேரத்திற்குள் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு முறுக்கும், கழிச்சல் உண்டாகும். சிலர்க்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வேறொன்று நேர்கின்றது. விரைந்தேறிய சர்க்கரையை அடக்க அளவிறந்து சுரந்த இன்சுலின் அதனை மிகவும் தாழ்த்திவிட, தலை சுற்றிக் கை நடுங்கும். அன்பின் மிகுதியால் ஊற்றிய ஒரு கரண்டிப் பாயசம் ஒருவரை அன்று பிற்பகல் முழுதும் படுக்கையிற் கிடத்திவிடக்கூடும் என்பதைப் பரிமாறியவர் எங்ஙனம் அறிவார்?

இவற்றினும் அறியவேண்டியது ஒன்றுண்டு. அதனை எம் நண்பர் துன்பப்பட்டே கற்றார். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் பெரும்பாலும் சிறுகுடலின் முற்பகுதியில் உறிஞ்சப்படுவன. அப்பகுதியோ உணவைக் காணாமல் ஒதுங்கிக் கிடக்கின்றது. பி-12 என்னும் வைட்டமின் உடலிற் சேர்வதற்கு இரைப்பையின் சுவரிலிருந்து சுரக்கும் ஒரு துணைப்பொருள் இன்றியமையாதது. அதுவும் உணவோடு கலக்கும் வாய்ப்பு அருகிவிடுகின்றது. ஆதலின் பல்வகை வைட்டமின், பி-12, டி, இரும்பு, சுண்ணாம்பு ஆகியவற்றை மாத்திரையாக வாழ்நாள் முழுதும் கொள்ளவேண்டும். இரும்பும் சுண்ணாம்பும் ஒன்றையொன்று தடுக்குமாதலால் இரண்டு மணி நேரமாவது இடைவிட்டு உண்ணவேண்டும்.

நண்பர் முதலாண்டு இவற்றைத் தவறாது உண்டார். நூற்றிருபத்தெட்டுக் கிலோவிலிருந்து எண்பத்தெட்டிற்கு வந்தார். நீரிழிவு மாத்திரைகளை மருத்துவரே நிறுத்தினார். மாடிப்படியில் மகளை முந்தினார். இரண்டாம் ஆண்டில், 'நலமாயிருப்பவனுக்கு மருந்தெதற்கு?' என்னும் எண்ணம் தோன்றிற்று. மாத்திரையை விட்டார்; இரத்தப் பரிசோதனைக்கும் செல்லவில்லை. ஒன்றும் நேரவில்லை. இதுவே இதன் சூழ்ச்சி. பி-12 கல்லீரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமானவளவு சேர்ந்திருப்பது. அவ்விருப்புக் கரையும் வரையில் உடல் எதனையும் வெளிக்காட்டாது. நான்காம் ஆண்டில் அவர் காலில் செருப்பு நழுவியதை உணராமல் நடந்திருக்கின்றார். பாதங்கள் மரத்திருந்தன, இருளில் நடை தள்ளாடிற்று. அயர்வையும் மறதியையும் அவர் வயதின்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். பரிசோதித்தபொழுதுதான் உண்மை வெளிப்பட்டது. ஊசிகள் போட்டபின் தள்ளாட்டம் நீங்கிற்று, அறிவு தெளிந்தது. ஆனால் பாதத்து விரல்களின் மரப்பு இன்றும் முழுதும் நீங்கவில்லை. நரம்பு நெடுநாள் வாடினால் திரும்பப் பெறுவது அரிது.

இன்னும் விரைவாகக் கெடுவது வைட்டமின் பி-1. அது உடலிற் சில வாரங்களுக்கே இருப்பது. அறுவைக்குப்பின் ஓயாது வாந்தியெடுப்பவர் பார்வை இரட்டித்தலோ, தள்ளாட்டமோ, மனக்குழப்பமோ கண்டால் ஒருநாளும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். முதல் வாரங்களில் காய்ச்சல், மிக விரைந்த நாடித்துடிப்பு, தணியாத வயிற்றுவலி, காலில் வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவையும் அவ்வாறே. தையலிற் கசிவோ, குருதிக் கட்டியோ இருத்தல் கூடும். இவை அரியன; ஆயினும் உயிர்க்கு இறுதி செய்யவல்லன. அறுவை செய்த அன்றே எழுந்து நடக்கச் சொல்லுவதும் குருதி உறையாமைக்கே.

பிற செய்திகளைச் சுருங்கக் கூறுவோம். தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் நாமே கடையில் வாங்கி விழுங்கும் இபுபுரோபென் போன்ற மாத்திரைகள் மாற்றுவழி செய்துகொண்டார்க்கு இணைப்பிடத்திற் புண்ணை உண்டாக்கும், புகையிலையும் அத்தகையதே. மது முன்னினும் விரைந்து குருதியில் ஏறும். முன்பு மதுவில் நாட்டமில்லாதாரும் அதற்கு அடிமையானதுண்டு. மகளிர் 12 முதல் 18 திங்கள் வரை கருவுறுதலைத் தள்ளிவைக்க வேண்டுமென்பர். மூன்றாம் திங்கள் முதல் தலைமயிர் கொத்தாக உதிரும். புரதமும் இரும்பும் குறையாதிருப்பின் அது மீண்டும் வளரும். விரைந்து மெலிவார்க்குப் பித்தக்கல் தோன்றுதலும் உண்டு. தளர்ந்து தொங்கும் தோல் தானாகச் சுருங்குவது அரிது. முதல் ஒன்றரை ஆண்டில் எடையில் நாலிலொரு பங்கோ அதனின் மிகுதியோ குறைந்து பின் நிற்கும். சிலர்க்குச் சிறிது ஏறவும் செய்யும். அதனைக் கண்டு கலங்கவேண்டா. நாடோறும் நடையும், சிறு பாரங்களைத் தூக்கிப் பயிலுதலும் தசையைக் காக்கும்.

மனத்தின் செய்தி வேறு. துயருற்றபோதும் களித்தபோதும் உணவையே துணையாகக் கொண்டிருந்தவர்க்கு அத்துணை திடீரென விலகிவிடுகின்றது. நண்பர் ஒருநாள் எம்மிடம், 'பசி போயிற்று. ஆனால் மாலை ஐந்து மணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை' என்றார். பஜ்ஜிக்கடையும் நண்பர் குழுவும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன. கடைக்குச் செல்லாமையால் நண்பரையும் இழந்தார். பிறகு யாம் சிலர் அவரோடு அவ்வேளையில் கல்லூரி விளையாட்டு வெளியைச் சுற்றி நடக்கத் தொடங்கினோம். எமக்கும் அது நன்றாயிற்று. எம் இடைக்கச்சைகள் அதற்குச் சான்று.

சென்ற ஆண்டு விருந்திலும் நண்பர் வந்திருந்தார். சட்டைப்பையிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்து இலையின் ஓரத்தில் வைத்துக்கொண்டார். பரிமாறியவர் அதே மனிதரே. இம்முறை பாயசப் பாத்திரத்தோடு வந்தவர் நண்பரைக் கண்டு சற்று நின்று, 'முட்டை இன்னும் ஒன்று வைக்கட்டுமா?' என்று கேட்டார். பாதி போதுமென்றார் நண்பர். மறுபாதி எம் இலைக்கு வந்தது.