அக்கியும் அல்ல, அம்மையும் அல்ல

வாய்ப்புண் என்றால் நம் வீடுகளில் முதல் வைத்தியம் மணத்தக்காளிக் கீரை. அதற்கும் ஆறாவிட்டால் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை. பிறகு, பல் கூராகக் குத்துகிறதோ என்று பல் டாக்டர். பெம்ஃபிகஸ் வல்காரிஸ் என்ற கொப்புள நோய் வந்த பலருக்கு இப்படியே மாதங்கள் ஓடிவிடுகின்றன. முதலில் ரசஞ்சாதம் எரியும். போகப்போக மோர்கூட எரியும். தலையிலும் மார்பிலும் கொப்புளம் கிளம்பிய பிறகும் சிலர் அக்கி என்று காவி எழுதப் போகிறார்கள், சிலர் அம்மை என்று வேப்பிலை பரப்புகிறார்கள்.

பெம்ஃபிகஸ் ஒட்டுவாரொட்டி அல்ல. மேல்தோல் செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் டெஸ்மோகிளீன் என்ற புரதத்தை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எதிரியாக எண்ணித் தாக்குகிறது. பிடிப்பு விட்ட இடத்தில் நீர் கோத்துக்கொள்கிறது. கொப்புளம் தொளதொளவென்று இருக்கும். சட்டை உரசினாலே உடையும். பக்கத்தில் உள்ள நல்ல தோலை விரலால் அழுத்தித் தேய்த்தால் அதுவும் வழண்டு வரும். இதற்கு நிகோல்ஸ்கி குறி என்று பெயர். உறுதிசெய்ய, மிளகளவு தோலை எடுத்துச் சோதிப்பார்கள். ஒளிரும் சாயம் ஏற்றிய தோல், நுண்ணோக்கியில் மீன்வலை போலப் பச்சையாகத் தெரியும்.

வயதானவர்களுக்கு அதிகம் வருவது இதன் பங்காளியான புல்லஸ் பெம்ஃபிகாய்டு. இரண்டும் வேறு என்று 1953இல் பிரித்துக் காட்டியவர் வால்ட்டர் லீவர். இதில் பிளவு தோலின் இன்னும் ஆழத்தில் நடப்பதால் கொப்புளம் விண்ணென்று நிற்கும், சுலபத்தில் உடையாது. கொப்புளம் வருவதற்கு வெகு முன்பே அரிப்பு ஆரம்பித்துவிடும். சர்க்கரைக்குத் தரும் வில்டாகிளிப்டின் போன்ற மாத்திரைகள் இதைத் தூண்டிவிடுவதுண்டு. மாத்திரை அட்டைகளை டாக்டரிடம் அப்படியே காட்டிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஸ்டீராய்டு வருவதற்கு முன் பெம்ஃபிகஸ் வந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்ததில்லை. ஸ்டீராய்டு உயிரைக் காத்தது. ஆனால் தினசரி அதிக அளவில் விழுங்கினால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். டெல்லி எய்ம்ஸின் டாக்டர் ஜே.எஸ். பஸ்ரிச்சா 1980களில் வேறு வழி பார்த்தார். 28 நாளுக்கு ஒருமுறை, தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு 100 மில்லிகிராம் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு டிரிப்ஸில் ஏறும். அதில் ஒருநாள் 500 மில்லிகிராம் சைக்ளோபாஸ்பமைடும் சேரும். 'பல்ஸ்' என்று நோயாளிகளே சொல்லிப் பழகிவிட்ட இந்த முறை, செலவு தாங்காத நம் நாட்டுக்கு வாய்த்த பெரிய கொடை என்பேன். குழந்தைப்பேறு வேண்டுவோருக்கு சைக்ளோபாஸ்பமைடு மட்டும் ஆகாது. இன்று ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து முன்னுக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் 2018இல் இந்நோய்க்கு அனுமதி கிடைத்தது. காசநோய், ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள்.

மருந்து வேலை செய்யும்வரை நோயாளி படுக்க வேண்டுமே? துணி விரிப்பு புண்ணில் ஒட்டிக்கொள்ளும், எடுத்தால் தோலோடு வரும். அதனால்தான் வார்டில் வாழையிலை. நடுநரம்பைச் சீவி, வழவழப்பான பக்கம் மேலே இருக்க விரிப்பார்கள். காலையில் போட்ட இலை சாயங்காலத்துக்குள் வாடிவிடும். கட்டிலுக்கு அடியில் அடுத்த கட்டு தயாராக இருக்கும்.